இன்டர்ஃபியரன்ஸ்: குறுக்கீடா, முரணா?

'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது சொல்லைப் படிக்காமல், மையின் நிறத்தை மட்டும் சட்டென்று சொல்லிப் பாருங்கள். வாய் 'ப' என்று குவியத் தொடங்கும். அதைப் பிடித்து நிறுத்தித்தான் 'சிவப்பு' என்று சொல்ல முடியும். அந்தக் கண நேரத் தடுமாற்றத்துக்கு உளவியலில் பெயர் இன்டர்ஃபியரன்ஸ்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'இன்டர்' என்றால் இடையே, 'ஃபெரிரே' என்றால் அடித்தல். பழைய பிரெஞ்சில் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைக் குறித்தது. ஆங்கிலத்தில், நடக்கும் குதிரையின் ஒரு குளம்பு தன்னுடைய மறு காலிலேயே இடிப்பதற்கும் இச்சொல் வழங்கியது. மூளைக்குள் நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. இடிப்பதும் இடிபடுவதும் ஒரே உடம்பின் கால்கள்தானே! பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் இதை ஒளி அலைகளுக்கு எடுத்தாண்டார்.

உளவியலில், அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இச்சொல் இருக்கிறது. 100 வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்ல அவருடைய மாணவர்களுக்குச் சராசரியாக 63 விநாடி ஆனது. அதே நிறங்களில் வேறு நிறப் பெயர்களை அச்சிட்டுக் கொடுத்தபோது 110 விநாடி. ஆனால் மை நிறத்தைக் கண்டுகொள்ளாமல் சொற்களை வாசிக்கச் சொன்னால்? கறுப்பு மையில் 41 விநாடி, வண்ண மையில் 43. அவ்வளவுதான் வித்தியாசம். சொல் நிறத்தை மறிக்கிறது. நிறம் சொல்லை அவ்வளவாக மறிப்பதில்லை. வாசிப்பு நமக்கு அந்த அளவுக்குப் பழகிப்போயிருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? 'தலையீடு' என்றால் யாரோ வேண்டுமென்றே நுழைவதுபோல் ஆகிவிடும். 'இடையூறு' வெளியிலிருந்து வரும் தொல்லைக்குச் சரி. ஒளியியல் பாடங்களில் இருக்கும் 'குறுக்கீடு'தான் என் தேர்வு. சொல்லப்போனால், ஒளியைவிட மூளைக்கே அது அதிகம் பொருந்தும். ஒளியில் இரண்டு அலைகள் சமமாகச் சேர்கின்றன. இங்கேதான் ஒன்று மற்றொன்றின் வழியில் குறுக்கே வந்து நிற்கிறது. 'குறுக்கே பேசாதே' என்கிறோமே, அதே குறுக்கு.

சிலர் இதையே 'முரண்' என்று எழுதுகிறார்கள். அது வேறு. இரண்டு தகவல்கள் ஒத்துப்போகாமல் இருப்பது முரண். அதனால் வேலை தாமதப்படுவது குறுக்கீடு. மூளையின் நடுப்பகுதியை ஒட்டிய முன்புற சிங்குலேட் புறணி (புறணி என்பது மூளையின் மேலடுக்கு) முரணைக் கண்டுகொள்கிறது என்றும், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணி கவனத்தை இறுக்கிப் பிடிக்கிறது என்றும் பல ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். முரணான ஒன்றைச் சந்தித்த உடனே அடுத்த முரண் வந்தால் குறுக்கீடு குறைந்துவிடுவதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

சோதனை அட்டைகளுக்கும் பெயர் வேண்டும். 'சிவப்பு' என்பது சிவப்பிலேயே இருந்தால் 'இயைபு அட்டை', பச்சையில் இருந்தால் 'முரண் அட்டை' எனலாம். இயைபு, முரண் இரண்டும் நம் யாப்பில் தொடைகளின் பெயர்களாக ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில் இருப்பவைதான்.