புளோரிடா கடலில் வலை போடலாமா?

புளோரிடாவின் டாம்பா நகருக்கு வேலை மாறி வந்த நண்பர் ஒருவர், ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டிக்குள் சுருட்டி ஒரு தங்கூஸ் வலையை, அதாவது மெல்லிய நைலான் நரம்பில் பின்னிய வலையை, கொண்டுவந்துவிட்டார். தூண்டிலோடு மணிக்கணக்காக நின்று வெறுத்துப்போன ஆள். "பாலத்துக்கு அடியில மடவை கூட்டம் கூட்டமா போகுது, ஒரு தடவை கட்டினா ஒரு வாரக் குழம்பு" என்றார். அதைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம் என்று சொன்னேன். காரணம் இதுதான்.

புளோரிடாவின் மாநிலக் கடல் முழுவதிலும் செவுள் வலைக்கும், மீனைச் சிக்கவைத்துப் பிடிக்கும் மற்ற வலைகளுக்கும் தடை. வலையின் கண்ணிக்குள், அதாவது ஓட்டைக்குள், தலையை விட்ட மீன் செவுளில் மாட்டிக்கொண்டு நிற்கிற வலை எதுவானாலும் இதில் அடங்கும். நம் தங்கூஸ் வலையும்தான். மாநிலக் கடல் என்பது அட்லாண்டிக் பக்கம் 3 கடல் மைல், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 9 கடல் மைல். உள்ளே இருக்கிற குடாக்களும் கழிமுகங்களும் சேர்த்தி. பிடிப்பது விற்கவா, வீட்டுக்கா என்ற பேச்சே இல்லை.

மற்ற வகை வலைகளுக்கு அளவுதான் கட்டுப்பாடு. வளைகுடாப் பக்கம் கரையிலிருந்து 3 மைலுக்குள்ளும், அட்லாண்டிக் பக்கம் 1 மைலுக்குள்ளும் ஒரு வலையின் பரப்பு 500 சதுர அடியைத் தாண்டக்கூடாது. சென்னையில் ஒரு சின்ன ஒற்றைப் படுக்கையறை வீட்டின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கு இரண்டு வலை, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கக்கூடாது. படகில்லாமல் நின்று பிடிப்பவருக்கு ஒன்றுதான்.

சரி, வீச்சு வலை? அதற்கு அனுமதி உண்டு. கையால் வீசும் வலை செவுள் வலை ஆகாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நடுவிலிருந்து ஈயக்குண்டு கோர்த்த ஓரம் வரை இழுத்துப் பிடித்தால் 14 அடிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடல்மீன் பிடிக்கும் உரிமம் மட்டும் கையில் இருக்கட்டும். அங்கேயே குடியிருப்பவருக்கு ஆண்டுக்கு 17 டாலர். பிடித்த மீனை இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு விற்க முடியாது. விற்பதற்கான வணிக உரிமம் தனி.

இந்த வலைத் தடை சாதாரணச் சட்டம் அல்ல, மாநில அரசியல் சாசனத்தின் பத்தாவது பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வாக்காளர்களே போதுமான கையெழுத்துச் சேர்த்தால் ஒரு திருத்தத்தை நேராகத் தேர்தலுக்குக் கொண்டுபோகலாம். அந்த வழியைப் பிடித்தவர்கள் தூண்டில்காரர்கள். கரையோரத்தில் நூற்றுக்கணக்கான கஜம் நீள வலைகள் மடவையையும் டிரவுட் மீனையும் வாரிக்கொண்டு போகின்றன, எங்களுக்கு மிச்சமில்லை என்பது அவர்கள் புகார். தூண்டில்காரர்கள் படிக்கும் பத்திரிகை ஒன்றும் அவர்களுடைய சங்கமும் முன்னால் நின்றன. சட்டமன்றத்தில் மன்றாடிக்கொண்டிருக்காமல் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். 1994 நவம்பரில் வாக்கெடுப்பு, ஆதரவு ஏறக்குறைய 72 சதவீதம். 1995 ஜூலை 1 முதல் தடை அமலுக்கு வந்தது.

நம் ஊர் ஆட்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். கரைக்கடல் சண்டை என்றால் நமக்கு விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடப்பது. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையோரத்து 3 கடல் மைலை விசைப்படகிடமிருந்து காப்பாற்றிச் சின்ன மீனவருக்கு ஒதுக்கியது. புளோரிடாவிலோ கரையோரத்திலிருந்து வெளியேறியது சின்னப் படகுக்காரர். கார்டெஸ், சீடர் கீ போன்ற ஊர்களில் அப்பா, தாத்தா காலத்திலிருந்து மடவை பிடித்துப் பிழைத்த குடும்பங்களுக்குத்தான் தொழில் போனது. தூண்டிலும் மீனைத்தானே பிடிக்கிறது, கரையெல்லாம் கட்டடமாக்கியதும் தண்ணீரைக் கெடுத்ததும் நாங்களா என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது, வாக்கு இல்லை. அரசு அவர்களுடைய வலைகளை விலைக்கு வாங்கிக்கொண்டது, மாற்றுத் தொழிலுக்குப் பயிற்சியும் கொடுத்தது. சீடர் கீ மட்டி வளர்ப்புக்கு மாறி அதில் பேரும் வாங்கிவிட்டது. எல்லா ஊருக்கும் அது வாய்க்கவில்லை.

விதியை எழுதியவர்கள் ஏமாற்றுவதற்கு இடம் வைக்கக்கூடாது என்று ரொம்பவே மெனக்கெட்டிருக்கிறார்கள். பை மாதிரியான இழுவலையின் பரப்பைக் கூம்பாகக் கணக்கிட வேண்டும், வாயின் சுற்றளவிலிருந்து ஆரம் எடுக்க வேண்டும், வாயிலிருந்து வால் வரை சாய்வுயரம் என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்த மாதிரி!

அப்படியும் வழக்கு ஓயவில்லை. தகராறு கண்ணி அளவில் வந்தது. இழுத்துப் பிடித்தால் 2 அங்குலத்தைத் தாண்டும் கண்ணியுள்ள வலையைச் செவுள் வலையாகவே கொள்வோம் என்று மீன்வள ஆணையம் விதி வகுத்தது. அதைவிடச் சின்னக் கண்ணி குஞ்சுகளைத்தானே வாரும், பெரிய மீனைப் பிடிக்க விடாமல் குஞ்சைக் கொல்லச் சொல்கிறீர்களே என்று வணிக மீனவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2013இல் லியோன் கவுண்டி நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வலைகள் மறுபடியும் கரையோரத்துக்கு வந்துவிடும் என்று தூண்டில்காரர்கள் கொதித்தார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய, ஆணையத்தின் விதியே நின்றது. என்னைக் கேட்டால் குஞ்சு வாதத்துக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.

வலையை நனைக்காவிட்டாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 22 அடிக்குக் குறைந்த படகில் செவுள் வலை இருந்தாலே அது பெரிய குற்றம். படகின் நடுப்பகுதிக்கு முன்னால் மோட்டார் இருந்தால் அந்த வரம்பு 25 அடி. ஏன் மோட்டாரைப் பார்க்கிறார்கள்? மடவைப் படகுகளில் மோட்டாரை முன்பக்கத்தில் ஒரு குழியில் இறக்கியிருப்பார்கள். அப்போதுதான் பின்பக்கம் காலியாக இருந்து, படகு ஓட ஓட வலை சிக்காமல் இறங்கும். அந்த வடிவத்தையே சட்டம் குறிவைத்திருக்கிறது.

அந்தப் படகுகள் ஒழிந்துவிடவில்லை. குளிர்காலத்தில் முட்டையோடு மடவை ஓடும்போது கார்டெஸ் பக்கம் போனால் பார்க்கலாம். அந்த முட்டைக்குத் தைவானில் நல்ல விலை. மோட்டார் அதே முன்பக்கக் குழியில்தான் இருக்கும். வலை கிடந்த பின்பக்கத்தில் இப்போது ஒரு ஆள் நிற்பார், தோளில் வீச்சு வலையோடு.