அதே இடத்தில், மூன்றாவது முறை

முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆண்குறியின் முனையில் காசு அளவுக்கு வட்டமாகச் சிவந்து, கொஞ்சம் கருநீலம் பாய்ந்து எரிகிறது. இரண்டு நாளில் தோல் உரிந்து புண்ணாகிறது. அப்புறம் தானே ஆறி, கறுப்பாக ஒரு தடம் மட்டும் மிஞ்சுகிறது. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே வட்டம். மூன்றாவது முறை வரும்போது வீட்டில் பேச்சே நின்றுபோயிருக்கும். பால்வினை நோயோ என்ற சந்தேகம். அவரோ எங்கும் போனதில்லை. சொன்னால் நம்ப ஆளில்லை.

தோல் மருத்துவர் அவரிடம் யாரோடு பழக்கம் என்று மட்டும் கேட்டு நிறுத்த மாட்டார். “இது வருவதற்கு முதல் நாள் என்ன மாத்திரை போட்டீர்கள்?” என்றும் கேட்பார். நினைத்துப் பார்த்தால் மூன்று முறையும் வயிற்றுப்போக்கு. மூன்று முறையும் மெடிக்கலில் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய அதே மாத்திரை.

மருந்து ஒவ்வாமையில் இது ஒரு விசித்திர வகை, மருந்துத் தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். கோ-டிரைமாக்சசோல், டெட்ராசைக்ளின், ஆர்னிடசோல் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளும் சில வலி மாத்திரைகளும் இதைக் கிளப்பக்கூடியவை, அபூர்வமாக பாராசிட்டமாலும். முதல் முறை வந்து ஆறிய இடத்தில், நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் சில ஊர் திரும்பாமல் தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அதே மருந்து மறுபடி ரத்தத்தில் வந்ததும் சில மணி நேரத்தில் விழித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் தோல் செல்களையே தாக்கும். செத்த செல்களிலிருந்து நிறமி கீழடுக்கில் உதிர்ந்து தேங்கிவிடுவதால்தான் அந்தக் கறுப்புத் தடம். உதடு, கை, பிறப்புறுப்பு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். இதில் யாரும் யாருக்கும் எதையும் தொற்றவைக்கவில்லை.

சரி, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் இன்னொன்றும் இருக்கிறது: ஹெர்ப்பிஸ். இது உண்மையிலேயே பால்வினைத் தொற்று. இதற்கும் ஞாபகம் உண்டு, ஆனால் அந்த ஞாபகம் தோலில் இல்லை. வைரஸ் நரம்பு வழியே ஏறி, முதுகுத்தண்டின் அடிப்பக்கத்து நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. உடம்பு தளரும்போது அதே நரம்பு வழியாக இறங்கி வருகிறது. அதனால் தோலில் எதுவும் தெரிவதற்கு முன்பே அங்கே குறுகுறுப்போ எரிச்சலோ தோன்றும். பிறகு சிவந்த தோலின்மேல் கடுகு போலச் சின்னஞ்சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். மருந்துத் தடிப்பு பெரும்பாலும் தனி வட்டம், ஆறினாலும் கறுப்பு நிற்கும். ஹெர்ப்பிஸ் கொத்து, இடமும் கொஞ்சம் முன்னே பின்னே நகரும். சிக்கல் எங்கே என்றால், காய்ச்சல் வந்தால் ஹெர்ப்பிஸும் கிளம்பலாம். காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையால் மருந்துத் தடிப்பும் கிளம்பலாம். இணையத்தில் படத்தோடு படம் ஒப்பிட்டுப் பார்த்து இதைத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

தோலுக்குத் தெரிந்த மொழி மிகக் குறைவு. சிவக்கும், வீங்கும், உரியும், கொப்பளிக்கும், அவ்வளவுதான். அதனால் உருவத்தைவிட, எப்போது வந்தது, எந்த இடத்தை விட்டுவைத்தது, என்ன உணர்வு தருகிறது என்ற மூன்றும்தான் அதிகம் பேசும்.

கவட்டையில் வரும் படர்தாமரையைப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கும் இறுக்கமான ஜீன்ஸுக்கும் பிறந்த பிள்ளை. இந்தப் பூஞ்சை தோலின் செத்த மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றே வாழ்கிறது. உடம்பு கீழிருந்து அழற்சியைக் கிளப்பி, தோலை வேகமாக உதிர்த்து அதைத் தள்ளப் பார்க்கும். பூஞ்சை புதுத் தோலைத் தேடி வெளிப்பக்கமாக நகரும். நடுவில் ஆறிக்கொண்டே வர, விளிம்பு மட்டும் தடித்துச் சிவந்து வளையமாகிறது. ஆண்களுக்குத் தொடை முழுக்கப் படர்ந்தாலும் விதைப்பையைப் பெரும்பாலும் விட்டுவிடும். அரிப்போ தாங்காது.

அந்த அரிப்பு உடம்பு போடும் கூச்சல். ஸ்டீராய்டு கலந்த டியூப்பைத் தடவினால் கூச்சல் இரண்டு நாளில் அடங்கிவிடும், பூஞ்சை அடங்காது. எதிர்ப்பில்லாத இடத்தில் அது நிம்மதியாகப் பரவும். வளைய விளிம்பும் அழிந்துபோய், பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியானது என்று நாமும் வாங்கித் தடவுவோமே, பெரும்பாலும் அதே டியூப்தான்.

ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், பிறப்புறுப்பு என்று பொரிப்பொரியாக இருந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்குப் பூச்சி. உடலுறவிலும் பரவும், ஒரே பாயில் படுத்தாலும் பரவும். முதல் முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகும் என்பதால் ‘எங்கிருந்து வந்தது’ என்ற விசாரணை பெரும்பாலும் தவறான ஆளிடம் போய் நிற்கும்.

இவ்வளவு சத்தத்துக்கு நடுவே சத்தமே போடாத ஒன்று இருக்கிறது. சிபிலிஸ். மேகப்புண், பறங்கிப்புண் என்று பழைய பெயர்கள். பறங்கியர் கொண்டுவந்தது என்ற பேச்சு 16-ஆம் நூற்றாண்டின் வடமொழி வைத்திய நூலிலேயே ‘பிரங்க ரோகம்’ என்று பதிவாகியிருக்கிறது; நம் பறங்கிப்பட்டையும் இதற்கான மருந்தாகத்தான் புகழ்பெற்றது. 1905-இல் கண்டுபிடிக்கப்பட்ட இதன் கிருமி திருகாணி போல நெளியும் மெல்லிய பாக்டீரியா. மற்ற கிருமிகளின் மேற்பரப்பில் புரதங்கள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இதன் மேற்பரப்போ ஏறக்குறைய மொட்டை. எதிர்ப்புப் படையின் கண்ணில் எளிதில் படாது.

தொற்றி 10 முதல் 90 நாளுக்குள், பொதுவாக மூன்று வாரத்தில், ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது, விளிம்பு சட்டைப் பொத்தானைப் போலக் கெட்டியாக இருக்கும். மூன்று முதல் ஆறு வாரத்தில் எதுவும் செய்யாமலே ஆறிவிடும். இந்த ஆறுதல்தான் ஏமாற்று. சில வாரம் கழித்து உடம்பெங்கும், குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், செம்புநிறத் திட்டுகள் கிளம்பும். பொதுவாக அரிக்காது. சிலருக்கு முடி அங்கங்கே பூச்சி அரித்ததுபோல் கொட்டும், நெறி கட்டும். இதுவும் தானாக மறைந்து, கிருமி மட்டும் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்கும்.

உள்ளங்கைத் திட்டைப் பார்த்துப் பயந்தவருக்கு ஒரு நல்ல செய்தி: அந்தக் கட்டத்தில் சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை அநேகமாகத் தவறுவதே இல்லை. ஆனால் புண் வந்த முதல் சில நாளில் எடுத்தால் இல்லை என்று வரலாம். இந்தச் சோதனை கிருமியை நேரடியாகத் தேடுவதும் இல்லை. மாட்டு இதயத்திலிருந்து முதன்முதலில் பிரித்த கார்டியோலிபின் என்ற கொழுப்புக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. கர்ப்பம், சில மூட்டு நோய்கள் போன்றவற்றிலும் அது பொய்யாக ‘ஆம்’ சொல்லும் என்பதால் இரண்டாவது சோதனை வைத்து உறுதிசெய்வார்கள். ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிட்டால் 24 லட்சம் யூனிட் பென்சாதின் பென்சிலின் ஊசி ஒரே தடவை போதும்.

நோயே இல்லாமல் பயமுறுத்துகிறவை சில. ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசை பிசகாமல் முத்துமுத்தாக இருக்கும் பொடிப்புகள் இயல்பான உடல் அமைப்புதான், எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் மருக்கள் இப்படி வரிசை கட்டாது, காலிபிளவர்போல் தாறுமாறாக வளரும். தோலை இழுத்தால் தெரியும் மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். மழித்த மறுநாள் வரும் பருவின் நடுவே ஒரு முடி நிற்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகள் பலருக்குத் தோலில் ஒன்றும் காட்டாமல் இருக்கும், பெண்களுக்கு இன்னும் அதிகமாக. தோல் சுத்தமாக இருப்பது சான்றிதழ் அல்ல. பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால், தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அழைத்தும் விசாரிக்கலாம்.

நம் முப்பத்தைந்து வயதுக்காரருக்கும் மருத்துவர் வி.டி.ஆர்.எல். எழுதித்தான் கொடுப்பார். அவர் மேல் சந்தேகம் என்பதற்காக அல்ல, சோதனை மலிவு, விட்டுவிட்டால் விலை அதிகம். முடிவு ‘இல்லை’ என்று வந்ததும் ஒரு சின்னச் சீட்டில் அந்த மாத்திரையின் பெயரை எழுதி, பர்ஸிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார். அடுத்த முறை வயிறு கலக்கும்போது மெடிக்கலில் காட்ட.