ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் தூக்கிப் போடாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஓர் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். நிற்காத வாந்தி, எழுந்து உட்கார்ந்தாலே தலைசுற்றல், ரத்த அழுத்தம் 80-க்கும் கீழே. முகமோ உப்பிப்போய், கை காலெல்லாம் மெலிந்து, தோலில் ஊதாக் கீறல்கள். மூட்டுவலிக்காகத் தெருமுனை மெடிக்கலில் பெயரில்லாமல் பொட்டலமாகத் தரும் ‘செட் மாத்திரை’ வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு இருப்பது மகனுக்கு எப்படியோ தெரியவந்திருக்கிறது. “தெரிஞ்ச அன்னைக்கே எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன் டாக்டர். நல்லதுதானே செஞ்சேன்?”

பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்த அம்மாவைச் சாவின் வாசல்வரை கொண்டுபோனது அதுதான். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் சலைனும் ஏறிய பிறகுதான் கண் திறந்து பேசினார்.

‘ஸ்டீராய்டு ஒரு விஷம், நிறுத்தினால் உடம்பு சுத்தமாகிவிடும்’ என்ற நம்பிக்கையை எத்தனை பேரிடம் மறுத்துப் பேசுவது? தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் உங்கள் அட்ரினல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கிறது. அது இல்லாமல் ரத்த அழுத்தம் சரியான அளவில் நிற்காது, காய்ச்சலை உடம்பு தாங்காது. மாதக்கணக்கில் மாத்திரை உள்ளே போனால், ‘வேண்டிய அளவு இருக்கிறதே’ என்று மூளை அந்தச் சுரப்பிக்கு உத்தரவு அனுப்புவதை விட்டுவிடுகிறது. சுரப்பி சுருங்கிப்போகிறது. அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. சுரப்பி பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். மாத்திரை சின்னதாக இருக்கிறதே என்றும் நினைக்க வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராம், பிரெட்னிசலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். உடம்பு ஒரு நாள் முழுக்கச் சுரக்கும் கார்ட்டிசாலின் வேலையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1914 கிறிஸ்துமஸ் அன்று தைராய்டு சுரப்பியின் ஹார்மோனான தைராக்சினைப் படிகமாகப் பிரித்த எட்வர்ட் கெண்டல், பிறகு அட்ரினல் பக்கம் திரும்பினார். அவர் ‘ஈ’ என்று எழுத்துப் பெயர் வைத்த பொருள்தான் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு. காமாலை வந்தாலும் கர்ப்பமானாலும் முடக்குவாத வலி குறைவதைக் கவனித்திருந்தவர், அங்கேயே மூட்டுநோய் மருத்துவராக இருந்த பிலிப் ஹென்ச். 1948 செப்டம்பரில், நடமாட முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு அந்த மருந்தைப் போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல், அட்ரினல் ஹார்மோன்களை ஆராய்ந்த வேதியியலாளர் ரெய்க்ஸ்டைனோடு சேர்த்து கெண்டல், ஹென்ச் இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் நிறுத்தினால் வலி திரும்புவதையும், தொடர்ந்தால் முகம் உப்பி மனம் குழம்புவதையும் அவர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள். நோயை அது அடக்குகிறது, குணப்படுத்துவதில்லை. ‘ரெண்டே நாள்ல வலி போச்சு’ என்று நீங்கள் மெச்சும் பொட்டலத்தை நான் சந்தேகப்படுவது அதனால்தான்.

பெயர் அச்சிட்ட அட்டை இல்லாமல் பிரித்துக் கொடுக்கும் மாத்திரையை வாங்காதீர்கள். வலிக்கும், மூச்சிரைப்புக்கும், எடை கூடவும் தரும் பெயரில்லாத பொடிகளும் அப்படித்தான். ஏற்கெனவே பல வாரமாகச் சாப்பிட்டு வருகிறீர்களா? நிறுத்த வேண்டாம், மிச்சமிருப்பதைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். திட்ட மாட்டோம். காலை 8 மணி வாக்கில் ரத்தத்தில் கார்ட்டிசால் பார்த்து, அளவைப் படிப்படியாகக் குறைப்போம். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு இன்ஹேலரை இதைப் படித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: வேண்டாம்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாந்தி, லோ பிபி என்று வருபவரின் முகம் உப்பியிருந்தால் மாத்திரைக் கதையைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் போட்டுவிடுங்கள்.

அப்புறம், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டுமா என்று அன்றே கேளுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், ஊசிக்கு வந்துவிடுங்கள்.