பழைய மெயிலை எடுக்கும் முன் கணக்கை மூடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி. மெயில் சேவையை மாற்றி, பழையதை அன்றே ரத்து செய்துவிட்டு, மறுநாள் காலை எனக்குப் போன். "தம்பி, ஆறு வருஷ மெயில் காணோம். நேத்து வரைக்கும் அவுட்லுக்ல இருந்துச்சே!"

இருந்தது சார். மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறையில், அவுட்லுக் வைத்திருப்பது சர்வரின் நிழல். புது சர்வருக்கும் அதே முகவரி, அதே பாஸ்வேர்டு கொடுத்தீர்கள். அவுட்லுக் உள்ளே போய்ப் பார்த்தது, பெட்டி காலி. தன்னிடம் இருந்ததையும் துடைத்துவிட்டது. வைரஸும் இல்லை, ஹேக்கிங்கும் இல்லை. புதுச்சேரி மிஷன் வீதிக் கடை முதல் சேதராப்பட்டு கம்பெனி வரை இதைச் சொல்லி வாய் வலித்துவிட்டது. "ஓஎஸ்டி ஃபைல் பத்து ஜிபி இருக்கே" என்று காட்டுவார்கள். அவுட்லுக் கம்ப்யூட்டரில் வைக்கும் அந்த ஃபைலும் நிழல்தான். சர்வரோடு ஒட்டாத பிஎஸ்டி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து தனி டிஸ்கில் வைத்தால்தான் அது உங்களுடையது.

"நம்ம பையன் ஸ்கிரிப்ட் போட்டு எடுத்துட்டான்" என்பது அடுத்த ரகம். திறந்து பார்த்தால் இன்பாக்ஸ் மட்டும். அனுப்பிய மெயில்கள் எங்கே? பாக்கி வசூலில் தகராறு வந்தால் அவைதானே சாட்சி! பைத்தானில் எழுதும் தம்பிகளே, படித்ததாகக் குறிக்காமல் எட்டிப் பார்க்கும் 'பீக்' போடாமல் மெயிலை இழுத்தால் படிக்காததெல்லாம் படித்ததாக மாறிவிடும். முதலாளி உங்களைத்தான் திட்டுவார். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். புதிதாக எழுதுவானேன், ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மெயிலை நகலெடுக்கும் ஐமேப்சின்க் இருக்கிறதே. முதலில் ஒத்திகையாக 'டிரை' ஓட்டம், அப்புறம் நிஜ ஓட்டம். நடுவில் அறுந்தால் மறுபடி ஓட்டுங்கள், விட்டதை மட்டும் எடுக்கும். முடிந்ததும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இரண்டு பக்க எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். இதை யாருமே செய்வதில்லை.

அவசரமும் வேண்டாம். ஜிமெயிலில் ஐமேப் வழியாக நாளுக்கு 2500 எம்பிதான் இறக்க முடியும். 40 ஜிபி பெட்டிக்குக் குறைந்தது 16 நாள். ஊழியர் வேலையை விட்டதும் கணக்கை அழிக்கும் முதலாளிகளுக்கு: கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாள், மைக்ரோசாஃப்ட் 365இல் 30 நாள் வரை மீட்கலாம். கூப்பிடுவதானால் அதற்குள் கூப்பிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

சிப்காட் கம்பெனியின் கணக்குப்பிள்ளை வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறதாம். அதே மெயில் கணக்கு, பொங்கலிலிருந்து திறக்கவே இல்லை. வைஃபையை அணைக்காமல் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை பஸ்ஸில் கடலூர் போகிறேன்.