சளி எல்லோருக்கும்தான், இழுப்பு ஏன் சிலருக்கு மட்டும்?

ஜூனில் குளிர்காலம் பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுக்கு வீடு மூக்கொழுகல். பெரியவனுக்கு மூன்று நாளில் சரியாகிவிடும். அதே சளி சின்னவளுக்கு நெஞ்சில் இறங்கி மூச்சு இழுக்கும் (வீசிங்). உடனே "எதிர்ப்புச் சக்தி போதவில்லை" என்று டானிக் வாங்குவார்கள். அது வீண் செலவு.

பள்ளி போகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது இயல்புதான். சளி தரும் வைரஸ்களில் ஒன்றான ரைனோவைரஸில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. எத்தனை தடவை பிடித்தது என்று எண்ணுவதைவிட, பிடித்தது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். மரபணுவின் கை அங்கேதான் ஓங்குகிறது.

ரைனோவைரஸ் சி வகை மூச்சுக்குழாய்ச் செல்லுக்குள் நுழைய சிடிஹெச்ஆர்3 என்ற புரதத்தைக் கைப்பிடியாகப் பயன்படுத்துகிறது. அதன் 529ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருந்தால், செல்லின் மேற்பரப்பில் அந்தக் கைப்பிடிகள் கூடிவிடும். இந்த மாறுபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கடும் ஆஸ்துமா வரும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று அபூர்வம், ஆனால் ஆபத்தானது. வைரஸ் செல்லுக்குள் வந்ததை மோப்பம் பிடிப்பது எம்டிஏ5 என்ற புரதம். அதற்கான மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் போதிய அளவு சுரக்காது. சாதாரண சளியே ஐசியூவில் கொண்டுபோய் விடும். பெற்றோர் இருவரும் ஆளுக்கு ஒரு பழுதுப் பிரதியோடு நலமாகவே இருப்பார்கள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடும். டாக்டரிடம் இதை மறைக்காதீர்கள். ஓராண்டில் இரண்டு நிமோனியா அல்லது நான்கு காதுத் தொற்று என்றால் இம்யூனாலஜி (எதிர்ப்புச் சக்தி) பரிசோதனை கேளுங்கள். எச்சிலைக் குப்பியில் அனுப்பும் டிஎன்ஏ கிட் இதற்கு உதவாது.

இழுப்புள்ள பிள்ளைக்கு மரபணு எதுவானாலும் வைத்தியம் பம்ப் (இன்ஹேலர்) தான். பம்பை நேரே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் என்ற குடுவை வேண்டும். வாங்க வசதியில்லையா? 500 மி.லி. கூல்டிரிங்க் பாட்டில் போதும். அது கடை ஸ்பேசருக்கு ஈடானது என்று 1999இல் கேப் டவுன் டாக்டர்களின் ஆய்வு காட்டியது. (பாலிஸ்டைரின் கப் தேறவில்லை.) பாட்டிலின் அடியில் பம்ப் வாய் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளியில்லாமல் பசையால் அடைக்க வேண்டும். காற்று கசிந்தால் மருந்தும் போய்விடும். பம்பைக் குலுக்கி ஒரே ஒரு அழுத்து. பிள்ளை ஐந்தாறு மூச்சு இழுக்கட்டும். பிறகு மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தாதீர்கள். பாட்டிலை சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டும்.

தினசரி ஸ்டீராய்டு பம்ப் எழுதிக் கொடுத்திருந்தால், இருமல் நின்றதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

விலாவுக்கு நடுவே குழி விழுந்தாலோ, பேச்சு பாதியில் நின்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, 1 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 40 மூச்சுக்கு மேல் ஓடினாலோ, காலை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும் வழியிலும் இழுப்பை உடனே தணிக்கும் பம்பைக் (தினசரி ஸ்டீராய்டு பம்ப் அல்ல) கொடுத்துக்கொண்டே போங்கள்.