நெகட்டிவ் ரிப்போட்டும் காய்ச்சலின் நாளும்

கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வரும்போது காய்ச்சலோடு வந்து சேர்வதுண்டு. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ் என்றதும் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் இரத்தம் எடுத்தது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பது தெரியாவிட்டால், அந்த நெகட்டிவை வைத்து ஆய்வுகூடத்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. படிவத்தில் பெரும்பாலும் வெறுமையாக வருவதும் அந்தக் கட்டம்தான்.

டெங்கு வைரஸ் பெருகும்போது என்.எஸ்.1 என்ற புரதம் இரத்தத்தில் கலக்கிறது. முதல் நாளிலேயே அதைக் காணலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறையத் தொடங்கும். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். பிறபொருளெதிரி தலைகாட்டுவதோ ஏறக்குறைய அந்த ஐந்தாம் நாளில்தான். ஆகவே இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் பார்ப்பது வீண்செலவு. ஏழாம் நாளில் என்.எஸ்.1 மட்டும் பார்ப்பதும் அப்படியே.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முன்பு ஒருமுறை டெங்கு வந்தவரின் உடலில் பழைய ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரிகள் இருக்கும். அவை என்.எஸ்.1 புரதத்தைப் பிடித்து மூடிக்கொள்வதால் பரிசோதனைக் கிட்டின் கண்ணுக்கு அது படாமல் போகலாம். இரண்டாம் தடவை வரும் டெங்குதான் கடுமையாக மாறும் வாய்ப்பு அதிகம். அதே தடவையில்தான் பொய்யான நெகட்டிவும் கூடுதலாக வருகிறது. எனவே டெஸ்ட் என்ன சொன்னாலும் மூன்றாம் நாள் முழுக் குருதிப் பரிசோதனை (எஃப்.பி.சி.) செய்யுங்கள். குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லட்) 100,000க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போகவும் வேண்டாம்: குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் அந்த 24 முதல் 48 மணித்தியாலம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். பரசிற்றமோல் தவிர இபுபுரோஃபென், டிக்லோஃபினாக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம்.

மலையகத்தில் காய்ச்சல் என்றால் டெங்கு மட்டுமல்ல. எலிக்காய்ச்சல் கிருமி முதல் வாரத்தில் இரத்தத்தில் இருக்கும், கிருமியின் டி.என்.ஏ.யைப் பிரதியெடுத்துப் பெருக்கித் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை அப்போதுதான் பயன்படும். அன்டிபயோட்டிக் தொடங்கிய பிறகு எடுத்த இரத்தத்தில் கிருமி பிடிபடாமல் போகலாம். பிறபொருளெதிரியை நம்பும் பரிசோதனைக்கு 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு இரத்தம் வேண்டும். அளவு நான்கு மடங்கு கூடினால்தான் உறுதி. மத்திய மாகாணத்தில் அதிகம் காணும் உண்ணிக் காய்ச்சலிலும் இரண்டாம் வாரத்துக்கு முன் பிறபொருளெதிரி தெரிவது அரிது. அதனால்தான் சந்தேகம் வலுவாக இருந்தால் டொக்டர்கள் ரிப்போட்டுக்குக் காத்திராமல் டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக்கைத் தொடங்குகிறார்கள். கான் (வடிகால்) வெட்டினீர்களா, வயலில் இறங்கினீர்களா, வீட்டு நாய்க்கு உண்ணி இருக்கிறதா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இனி இரத்தம் சேகரிக்கும் குழாய். பி.சி.ஆருக்கு ஊதா மூடியுள்ள ஈ.டி.டி.ஏ. குழாயே நல்லது. பச்சை மூடியில் இருக்கும் ஹெப்பாரின், டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் நொதியத்தைத் தடுத்துவிடும். ஊசியிலிருந்து வேகமாகத் தள்ளினாலோ குழாயைக் குலுக்கினாலோ செங்குழியங்கள் உடையும். வெளிவரும் ஹீமோகுளோபினும் அதே தடையைச் செய்யும். தோட்டத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது 2 முதல் 8 பாகை செல்சியஸ் போதும். முழு இரத்தத்தைக் குளிரில் ஐஸாக உறைய விடவே கூடாது. ஐஸ் பொதி குழாயில் நேரடியாகப் படாமல் நடுவில் துணியோ பஞ்சோ வையுங்கள்.

பேராதனையில் மூலக்கூற்று உயிரியல் படிக்க ஆசைப்படும் உயர்தர மாணவர்கள் பெரிய இயந்திரங்களைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். பி.சி.ஆரில் சுற்றுக்கு ஒருமுறை டி.என்.ஏ. ஏறக்குறைய இரட்டிப்பாகும், 40 சுற்று வரை ஓடும். பழைய பிரதி ஒரு துளி கையுறையில் ஒட்டி வந்தாலே பொய்யான பொசிட்டிவ் தயார். கலவை தயாரிக்கும் அறையும் பெருக்கிய பொருளைத் திறக்கும் அறையும் வேறாக இருப்பதும், வெறும் நீர் வைத்த ஒரு குழாய் ஒவ்வொரு தடவையும் கூடவே ஓடுவதும் அதனால்தான். இந்தத் தொழிலின் பாதி இப்படிப்பட்ட பொறுமைதான், கொஞ்சம் சலிப்பாகவே இருக்கும்.

10 முதல் 14 நாள் கழித்து எடுக்க வேண்டிய அந்த இரண்டாம் இரத்தம்தான் ஆய்வுகூடத்தில் இருக்கும் எங்களுக்கு அதிகமாகத் தவறிப்போவது. ஒரு நாள் பேர் (வேலை வரவு) போனால் சம்பளம் போகும் என்பதால் குணமானவர் திரும்பி வருவதில்லை. வார்டை விட்டுக் கிளம்பும்போது கிளினிக் நாளும் இரண்டாம் இரத்தமும் ஒரே திகதியில் விழும்படி கேட்டு, நோய் நிர்ணய அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளையும் அதற்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.