உட்கார்ந்தபடியே தூங்கும் நாய்

போன மே மாதம் ஒரு பெண்மணி தன் நாயைத் தடுப்பூசிக்காக அழைத்து வந்தார். தட்டை மூஞ்சியுள்ள 'பக்' (pug) இனம், நான்கு வயது. மேசையில் ஏற்றுவதற்கு முன்பே செல்பேசியை நீட்டினார். "இதைப் பாருங்கள் டாக்டர், எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்த வீடியோ!" சோபாவில் உட்கார்ந்தபடியே நாய் தூங்குகிறது. கண் சொருகுகிறது, தலை மெல்லச் சாய்கிறது, மோவாய் கைப்பிடியில் இடித்ததும் திடுக்கிட்டு நிமிர்கிறது. மறுபடியும் சொருகுகிறது. குறட்டைக்கு ஏற்றபடி யாரோ நாதஸ்வரம் வேறு சேர்த்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பஞ்சு இழையை எடுத்து நாயின் மூக்கருகே பிடித்தேன். இடது துவாரத்தின் முன் இழை லேசாக ஆடியது. வலது பக்கம் அசையவே இல்லை. துவாரங்கள் இரண்டும் பென்சில் கோடு போல ஒடுங்கியிருந்தன. பக் இனத்துக்கு மூஞ்சியைத் தட்டையாக்கி வளர்த்தெடுத்தோமே தவிர, உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. அண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டையை மறைக்கிறது. படுத்தால் மூச்சு அடைக்கும். அதனால்தான் அது உட்கார்ந்தே தூங்குகிறது, தூங்க முடியாமல் விழிக்கிறது. சொன்னதும் அந்தப் பெண்மணி வெகுநேரம் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. நாயை உயிராக வளர்ப்பவர். விலங்கின் உடல் பேசுவதைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. வேதனையும் விளையாட்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன.

இதற்கு உலகறிந்த உதாரணம் 2009இல் யூடியூபில் வந்த ஒரு வீடியோ. ரஷ்யாவில் ஒரு வீட்டில், நம் தேவாங்கின் உறவினமான ஸ்லோ லோரிஸ் ஒன்றின் அக்குளில் ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்டுகிறார். அது இரு கைகளையும் மேலே தூக்கிக்கொள்கிறது. 'இன்னும் வேண்டும்' என்று கேட்கிறது என உலகமே உருகியது. ஆனால் அந்த விலங்கின் முழங்கை மடிப்பருகே ஒரு சுரப்பி உண்டு. அதன் கசிவு எச்சிலோடு கலந்தால் நஞ்சு. நஞ்சுள்ள பாலூட்டிகள் உலகில் மிகச் சில. அவற்றில் இதுவும் ஒன்று. அஞ்சும்போது சுரப்பியை வாய்க்கு எட்டச் செய்யவே அது கையை உயர்த்துகிறது. கொஞ்சல் என்று நாம் ரசித்தது, தற்காப்புக்கான நிலை. இரவில் நடமாடும் அதன் கண்களுக்கு அந்த அறை வெளிச்சமே பெரும் தொல்லை.

அந்த வீடியோவின் கீழே குவிந்த 12,000க்கும் மேற்பட்ட கருத்துகளை ஆய்வாளர்கள் படித்து 2013இல் கட்டுரை வெளியிட்டார்கள். 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்று எழுதியவர்கள் ஏராளம். இத்தனைக்கும் 2007இலேயே ஸ்லோ லோரிஸின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டிருந்தது. கள்ளச்சந்தையில் விற்பவர்கள், வாங்குபவரைக் கடிக்காமல் இருக்க, மயக்க மருந்துகூட இல்லாமல் நகவெட்டியால் அதன் பற்களை வெட்டிவிடுகிறார்கள். பல் போன விலங்கைத் திரும்பக் காட்டுக்குள் விடவும் முடியாது. நாம் ஒருமுறை பகிர்வதற்கும் அந்த நகவெட்டிக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு.

'தேவாங்கு மாதிரி விழிக்கிறான்' என்று கேலி பேசியே வளர்ந்தவர்கள் நாம். நம் தேவாங்குக்கு நஞ்சில்லை, ஆனால் அந்தப் பெரிய கண்களே அதற்கு வினையாயின. மருந்து, மாந்திரீகம் என்று சொல்லிக் கொன்றார்கள். தேவாங்கைக் காக்கவென்றே 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தோட்டத்தில் தேவாங்கு தென்பட்டால் முகத்தில் விளக்கடித்துப் படமெடுக்க வேண்டாம்; வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, குழந்தை நாயைக் கட்டிப்பிடிக்கும் வீடியோக்கள். இவற்றைப் பார்க்கும்போது என் வயிறு கலங்கும். நாய் முகத்தைத் திருப்புகிறதா, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிகிறதா, சாப்பாடு இல்லாமலே நாக்கால் மூக்கை நக்குகிறதா, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுகிறதா? 'என்னை விடு' என்று அது சொல்கிறது. அடுத்தது உறுமல், அதையும் கேட்காவிட்டால் கடி. செல்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை எடுங்கள்.

வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பகிர்வதற்கு முன் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். இசையும் மேலே எழுதிய வேடிக்கை வரியும் போனபின் விலங்கு மட்டும் மிஞ்சும். அப்போதும் சிரிப்பு வந்தால் தாராளமாக அனுப்புங்கள். மழையில் குட்டைக்குள் குதிக்கும் நாயை நானே பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பக்குக்கு மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, அண்ணத்தின் நீளத்தைக் குறைத்தோம். எடையும் இரண்டு கிலோ இறங்கியது. ஆகஸ்டில் அவர் ஒரு வீடியோ அனுப்பினார். நாய் ஒருக்களித்துப் படுத்து, நான்கு கால்களையும் நீட்டித் தூங்குகிறது. நாற்பது நொடி, வேறொன்றும் நடக்கவில்லை. அதைச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பியிருக்கிறார். அவர்களில் பக் வளர்க்கும் இரண்டு பேர் என் மருத்துவமனை முகவரியைக் கேட்டார்களாம்.